ஆல்பாவுக்குப் பேப்பர், பீட்டாவுக்கு டப்பா

எலும்பு ஸ்கேனுக்காக ஊசி போட்ட நர்ஸ், "இன்னிக்கு உங்க உடம்பே காமா கதிர் வீசும் அங்கிள், குழந்தைங்களைத் தூக்காதீங்க" என்றாள். வீரனாகிய நான் என் கையையே என்னிடமிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் மனைவி பேப்பரை விரித்தாள். அந்தச் சரசரப்பில், சின்ன வயதில் குடியிருந்த லோதி ரோடு குவார்ட்டர்ஸ் ஞாபகம் வந்துவிட்டது.

அப்பாவின் அலாரம் கடிகாரத்தில் முள்ளெல்லாம் ரேடியம், பச்சையாக மினுங்கும். பள்ளியில் 'ஆல்பாவைப் பேப்பர் தடுக்கும், பீட்டாவை அலுமினியம் தடுக்கும்' என்று கதிர்வீச்சுப் பாடம் நடந்த அன்றே, மகா விஞ்ஞானியாகிய நான் ஆல்பாவுக்குப் பயந்து அதைப் பேப்பரில் சுற்றி, பீட்டாவுக்குப் பயந்து அலுமினிய டப்பாவில் அடைத்தேன். காலையில் அலாரம் யாருக்கும் கேட்கவில்லை. அப்பா ஆபீஸ் பஸ்ஸைத் தவறவிட்டார்.

"காமாவையே ஈயம் தடுக்கும். உன் அசட்டுத்தனத்தை எதைப் போட்டுடா தடுக்கிறது, பேவகூஃப்?" என்று இந்தியிலேயே முட்டாள் பட்டம் கொடுத்தார்.

இப்போது மனைவியிடம் சொன்னேன்: "பேப்பர் காமாவைத் தடுக்காதுடி."

"தெரியும். உங்க மூஞ்சியைத் தடுக்குதே, அது போதும்."