அக்காவின் ஊன்றுகோல் சாமான் அல்ல

அக்கா மறைந்து ஓராண்டு ஆகப்போகிறது. துக்கம் விசாரிக்க வந்த உங்களில் முக்கால்வாசிப் பேர் “பாவம், இனி கஷ்டமில்லை” என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அக்காவுக்கு அறவே பிடிக்காத சொல் ‘பாவம்’. அதனால் இந்தக் கட்டுரையைக் கொஞ்சம் எரிச்சலோடுதான் எழுதுகிறேன். உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

லால்குடிக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தவர் அக்கா. குழந்தைப் பருவத்திலேயே இளம்பிள்ளை வாதம் இரண்டு கால்களையும் முடக்கிவிட்டது. அப்பாவுக்குத் திருச்சியில் வேலை கிடைத்ததும் ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்தோம். அக்குளில் இரண்டு ஊன்றுகோல்களை வைத்துக்கொண்டு பஸ் ஏறி இறங்கியே அக்கா படித்து முடித்தார். பிறகு தென்னூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. அதற்காக வருத்தப்பட்டவர்கள் நாங்கள்தாமே தவிர அக்கா இல்லை. தன் சமையல், தன் துணி, ரேஷன் கடை வரிசை எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்டார். யாராவது கேட்காமல் கையைப் பிடித்துத் தூக்கினால் முகம் சிவந்துவிடும்.

எழுபத்தேழில் வந்த வெள்ளத்தை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் ஏறியதும் பரிசல் வந்தது. மேற்பார்வைக்கு வந்தவர், “ஆள் மட்டும் ஏறுங்க, சாமான் ஒண்ணும் கூடாது” என்று கத்திக்கொண்டே இருந்தார். அக்காவை இரண்டு பேர் மூட்டை போலத் தூக்கிப் பரிசலில் வைத்தார்கள். கையிலிருந்த ஊன்றுகோல்களைப் பிடுங்கி வீட்டுச் சுவரோரம் சாத்திவிட்டார்கள்.

“ஐயா, அது சாமான் இல்லீங்க. அது இல்லாம நான் நடக்க முடியாது” என்றார் அக்கா.

“உசிரு முக்கியமா, கட்டை முக்கியமாம்மா? பேசாம உக்காருங்க.”

அதே பரிசலில் பக்கத்து வீட்டு டிரான்சிஸ்டர் ரேடியோ துண்டில் சுற்றப்பட்டு வந்தது. அதை யாரும் சாமான் என்று சொல்லவில்லை.

எங்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். கழிப்பறை பின்பக்கம் இருந்தது. படி இறங்கி, சேறாகிக் கிடந்த மைதானத்தைத் தாண்டிப் போக வேண்டும். வரிசையில் நேரில் வந்து நிற்பவர்களுக்குத்தான் சாப்பாட்டுப் பொட்டலம் என்றார்கள். “அக்காவால நிக்க முடியாதுங்க” என்று நான் சொன்னால், “எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க” என்று பதில் வந்தது. என் பொட்டலத்தை இருவரும் பகிர்ந்து சாப்பிட்டோம். ஆனால் அக்கா தண்ணீர் மட்டும் குடிக்கவே இல்லை.

“குடிச்சா போகணும். போகணும்னா ரெண்டு ஆம்பிளைங்க வந்து தூக்கணும். வேணாம், விடு” என்றார்.

முகாமை விட்டு வெளியே வந்தபோது அக்காவுக்கு நல்ல காய்ச்சல். சிறுநீர் கழிக்க முடியாமல் துடித்தார். ஆஸ்பத்திரியிலோ, “படிச்ச டீச்சர், தண்ணி குடிக்கணும்னு தெரியாதா?” என்று அக்காவையே திட்டினார்கள். ஊன்றுகோல்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. உயரத்துக்கு ஏற்றபடி புதிதாகச் செய்து வரும்வரை அக்கா கட்டிலை விட்டு நகர முடியவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள், “உயிர் பிழைச்சியே, அதுக்குச் சந்தோஷப்படு” என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். அவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்த என்னை என்னவென்று சொல்வது!

அதன் பிறகு ஒவ்வொரு ஆண்டும் மழைக்கு முன்னால் நடக்கும் வெள்ள முன்னேற்பாட்டுக் கூட்டத்துக்கு அக்கா போனார். கூட்டம் மாடியில் நடக்கும். அக்கா கீழே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு என்னை மேலே அனுப்புவார். நடக்க முடியாதவர்கள், கண் தெரியாதவர்கள், காது கேளாதவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள், முகாமில் படி இல்லாத ஓர் அறையை ஒதுக்குங்கள் என்று நான் சொல்வேன். “அவங்களையே மேல வந்து பேசச் சொல்லுங்கம்மா” என்பார்கள் அதிகாரிகள். இதற்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? ஓர் ஆண்டு கீழே இறங்கி வந்த ஒருவர் அக்காவுக்குப் பொன்னாடை போர்த்தி, தன்னம்பிக்கையைப் பாராட்டிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். அறை மட்டும் ஒதுக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு மழையில் மறுபடியும் தெருவுக்குள் தண்ணீர் வந்தது. மறுபடியும் பரிசல், மறுபடியும் “சாமான் கூடாது.” இந்த முறை அக்கா வாசல் தூணை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“இது ரெண்டும் ஏறினாத்தான் நான் ஏறுவேன்.”

பரிசலில் இருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். “ஒருத்திக்காக இத்தனை பேர் நிக்கணுமா?” என்று கேட்டார்கள். எனக்கே கோபம் வந்துவிட்டது. “ஏறுக்கா, தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு” என்று கெஞ்சினேன்.

“நீயுமாடி?” என்று மட்டும் கேட்டார். தூணிலிருந்து கையை எடுக்கவில்லை.

கடைசியில் பரிசல்காரரே இறங்கி வந்தார். “கொடுங்கம்மா. இது என்ன பெரிய கனமா?” என்று வாங்கிக் காலடியில் வைத்துக்கொண்டார். பரிசல் மூழ்கிவிடவில்லை. அன்று முகாமில் அக்கா தானே எழுந்து கழிப்பறைக்குப் போய்த் தானே திரும்பி வந்தார். வந்து உட்கார்ந்து, ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார். அதைப் பார்த்து நான் அழுதேன். “எதுக்குடி அழுவுற?” என்று அதற்கும் திட்டினார்.

சென்ற ஆண்டு நுரையீரலில் சளி கட்டி, மருத்துவமனையில் சில நாட்கள் இருந்து, நினைவு தவறாமலேயே அக்கா விடைபெற்றார்.

கடைசி நாட்களில் மருந்துக்கு அலைந்த மன்னார்புரம் அத்தை மகனுக்கும், முறை வைத்து வந்து உடனிருந்த அக்காவின் மாணவிகளுக்கும், பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாமல் விட்டுவிட்ட அந்தப் பரிசல்காரருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அன்று பரிசலில் இருந்து கூச்சல் போட்டவர்களும் திதிக்கு வருவீர்கள். அவசியம் வாருங்கள், இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உங்களில் பலர் இப்போது கைத்தடி இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை, மூட்டு வலியால் படி ஏற முடிவதில்லை என்று கேள்விப்படுகிறேன். மழைக்காலம் நெருங்கிவிட்டது. தண்ணீர் வந்தால் உங்களைத் தூக்கிப் பரிசலில் வைக்க ஆள் வரும். உங்கள் தடியையும் ஏற்றச் சொல்லிச் சண்டை போட அக்கா இல்லை.