ஸ்பிரிங் எந்தப் பக்கம்?

குழாய்க்காரருக்கு வீம்பு என்றால் அப்படியொரு வீம்பு. இருபத்தெட்டு வருடமாகக் குழாய் வேலை. சுவரைத் தட்டிப் பார்த்தே உள்ளே குழாய் எங்கே ஓடுகிறது என்று சொல்லிவிடுவார். அதனால் தண்ணீர் ஓடுகிற எதுவும் தனக்குக் கைவந்த வேலை என்று ஒரு நினைப்பு. கார் இன்ஜினிலும் தண்ணீர்தானே ஓடுகிறது?

மச்சான், அதாவது மனைவியின் தம்பி, அடுத்த தெருவிலேயே மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான். ஆனால் மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. மச்சான் வீட்டுக் குளியலறைக்கு இவர் போட்ட குழாயில் ஒரு இணைப்பு ஒழுகியது. சொந்தக்காரர்கள் கூடியிருந்த இடத்தில் அவன், "மாமா குழாய் போட்டா கூடவே குடையும் வாங்கி வச்சுக்கணும்" என்று சொல்ல, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இனி உன் வாசப்படி மிதிச்சா என்னன்னு கேளு" என்று எழுந்து வந்தவர்தான்.

அந்த வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்கு மனைவிக்கு டயாலிசிஸ். வாரத்தில் மூன்று நாள், முக்கால் மணி நேரப் பயணம். போன மாதம் ஒரே ஒரு முறை தவறிப்போனதில் நுரையீரலில் நீர் கோத்து அவள் மூச்சுக்குத் தவித்தாள். அதை இன்னொரு தடவை பார்க்க அவருக்குத் தெம்பில்லை. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் கார் கொதித்து நின்றுவிட்டது. இன்ஜின் சூடேறியதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடுகிற சின்ன வால்வு, தெர்மோஸ்டாட், மூடியபடியே இறுகிப்போயிருந்தது. புதியது வியாழன் காலையில்தான் கைக்குக் கிடைத்தது.

"ஏங்க, தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லலாமே?"

"ஒரு வால்வு மாத்துறதுக்கு அவன் எதுக்கு?"

இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்டை ஒரு பேசினில் பிடித்தார். ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைக் கழற்றி, தெர்மோஸ்டாட் மூடியின் இரண்டு போல்ட்டையும் எடுத்தார். மூடியைத் தூக்கியதும் பழைய தெர்மோஸ்டாட் எந்தப் பக்கம் திரும்பி இருந்தது என்று பார்ப்பதற்குள் கையில் வந்து விழுந்தது. புதியதைப் பாத்திரத்துக் கொதிநீரில் போட்டுப் பார்த்தார். அழகாக வாய் திறந்தது. மூடியடியில் ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்து புதிய தெர்மோஸ்டாட்டைப் பொருத்தினார். குழாய் வேலையில் ஒருவழி வால்வின் ஸ்பிரிங் எப்போதும் தண்ணீர் வெளியேறும் பக்கம்தான் இருக்கும். யோசிக்கவே இல்லை, கை தானாகவே அப்படி வைத்துவிட்டது.

கூலன்டைத் திரும்ப ஊற்றி, பதினொன்றரைக்கு இன்ஜினை ஓடவிட்டார். மனைவி பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் தயாராக உட்கார்ந்திருந்தாள். பாதம் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்திருந்தது. சூடு காட்டும் முள் நடுவுக்கு வந்தது. நிற்கவில்லை, ஏறிக்கொண்டே போனது. மேல் ஹோஸைத் தொட்டார். சில்லென்றிருந்தது. வால்வு திறக்கவே இல்லை. முள் சிவப்பைத் தொடவும் இன்ஜினை அணைத்தார். மூடியோரம் ஆவி சீறியது. ஆறுவதற்கு ஒரு மணி நேரமாவது ஆகும்.

வாடகைக் காருக்குப் போன் போட்டார். "ஒரு மணி நேரம் ஆகும் சார்." இன்னொருவன் எடுக்கவே இல்லை. மணி பன்னிரண்டு. பத்து நிமிடத்தில் கிளம்பியாக வேண்டும். மனைவி அவரையே பார்த்தாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

மூன்று வருடமாகத் தொடாத நம்பரை அழுத்தினார்.

"மாமாவா?"

"அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்டா. கார் கொதிக்குது. தெர்மோஸ்டாட்டை நான்தான் மாத்தினேன்."

"ஸ்பிரிங் எந்தப் பக்கம் வச்சீங்க?"

"வெளிப்பக்கம்."

இதோ சிரிக்கப்போகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"எதையும் தொடாதீங்க. வரேன்."

நாலே நிமிடத்தில் வந்துவிட்டான். அக்காவைக் கைத்தாங்கலாகப் பின்சீட்டில் உட்கார வைத்தான். இவர் முன்னால் ஏறிக்கொண்டார். ஊர் தாண்டியதும் மச்சான்தான் ஆரம்பித்தான்.

"அது தண்ணி போற வழியைப் பாக்குற சாமான் இல்ல மாமா, சூட்டைப் பாக்குறது. ஸ்பிரிங் இன்ஜின் பக்கம் இருக்கணும்."

"சிரிச்சுடுடா. மூணு வருஷமாக் காத்துக்கிட்டு இருந்திருப்ப."

மச்சான் சிரிக்கவில்லை. "அந்தக் குழாய் இன்னும் ஒழுகுது," என்றான்.

"வேற ஆளை விட்டுச் சரி பண்ண வேண்டியதுதானே?"

"அடியில வாளி வச்சிருக்கேன். காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை கொட்டுறேன். வாய்க்கொழுப்புல நான்தானே பேசினேன். நீங்க போட்டதுல இன்னொருத்தனை எப்படிக் கை வைக்க விடுறது?"

குழாய்க்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"டேய், ரோட்டைப் பாத்து ஓட்டு," என்றாள் அக்கா பின்னாலிருந்து.

நர்ஸ் அவள் கையில் டயாலிசிஸ் ஊசியைச் செருகியபோது சுவர்க்கடிகாரத்தில் ஒரு மணி அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. குழாய்க்காரர் வெளியே வந்து மச்சானுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். விரலிடுக்கில் இன்னும் கூலன்ட் பிசுபிசுத்தது.

"நாளைக்குக் காலையில அந்த வாளியை எடுத்துடு," என்றார். "நான் வரேன்."