ரண ஜன்னி கண்ட குதிரைக்காகச் சத்தமில்லாமல் ஒரு ஜெபம்

கர்த்தர் எங்கள் குடும்பத்துக்குச் செய்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

ஏற்காடு ஏரிக்கரையில் சுற்றுலா வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றிச் சுற்றிக்காட்டுவது என் தொழில். எங்களுக்கு இருந்தது ஒரே குதிரை, ராணி. போன மே மாதம், சீசன் கூட்டத்தில், அதற்கு நோய் கண்டது. காலையில் கொட்டகைக்குப் போனபோது கால்களை அகட்டி மரக்கட்டைபோல் நின்றது. காதுகள் விறைத்திருந்தன. தவிட்டை ஊறவைத்துக் கொடுத்தேன். வாய் திறக்கவில்லை.

கால்நடை மருத்துவர் வந்து குளம்புகளைத் தூக்கிப் பார்த்தார். பின்னங்காலில் ஆணி குத்திய துளை இருந்தது, மேலே மூடிவிட்டிருந்தது.

"ரண ஜன்னிங்க, டெட்டனஸ்னு சொல்றது. காத்துப் போகாத புண்ணுலதான் இந்தக் கிருமி வளரும். வெளிய ஆறுன மாதிரி இருக்கும், உள்ளார விஷத்தை விட்டுட்டே இருக்கும்."

துளையை அகலமாகத் திறந்து கழுவினார். விஷத்தை முறிக்கும் மருந்தும் பென்சிலினும் போட்டார். "பொழைக்கும்னு வாக்குக் குடுக்க முடியாதுங்க" என்றார்.

அதற்குள் என் மனைவி எஸ்தர் சபைக்குச் சொல்லியிருந்தாள். ஜெபக்குழுவை நடத்தும் மேரியக்கா, கஞ்சிராவோடு ஐந்தாறு பெண்களைக் கூட்டி வந்தார். எங்கள் சபையில் நோயாளியின் பக்கத்தில் நின்று கைதட்டிப் பாடித்தான் ஜெபம் தொடங்குவோம். முதல் தட்டிலேயே ராணியின் உடம்பு முழுவதும் வெட்டி இழுத்தது. சுவரில் சாய்ந்ததால் விழவில்லை.

"நிறுத்துங்க. சத்தம் பட்டா நரம்பு இழுக்கும். அந்த இழுப்புலயே மூச்சு நின்னுரும்" என்றார் மருத்துவர்.

மேரியக்கா கஞ்சிராவை முந்தானையில் சுற்றினார். "சத்தமா கேட்டுத்தானுங்க எங்களுக்குப் பழக்கம்."

"ஆண்டவருக்கு எப்படியும் கேக்கும்ங்க. குதிரைக்குக் கேக்காம கேளுங்க."

காதுகளில் பஞ்சு வைத்தோம். சாக்குத் திரை கட்டிக் கொட்டகையை இருட்டாக்கினோம். ஆனால் கொட்டகையை ஒட்டியே சாலை வளைவு. வண்டிகளின் ஒவ்வொரு ஆரன் சத்தத்துக்கும் ராணி துடித்தது. நான் வாசலில் உட்கார்ந்து அழுதேன்.

"உக்காந்து அழுதா இழுப்பு நிக்காதுங்க. ரோட்டுக்கு வாங்க" என்றாள் எஸ்தர்.

பகல் முழுவதும் மாற்றி மாற்றி வளைவில் நின்றோம். வண்டிகளுக்கு முன்னால் ஒரு கை உயர்ந்திருக்கும். உதடுகள் ஜெபித்துக்கொண்டிருக்கும்.

குதிரைக்கு நோய் என்று சொன்னதும் ஒரு ஜீப்காரர் தலையை நீட்டினார். "ஏனுங்க, குதிரைக்குத் தாலாட்டுங்களா?"

"ஆமா கண்ணு, இப்பத்தான் கண்ணசந்துச்சு. ஆரனை அமுக்காம போ சாமி" என்றார் மேரியக்கா. ஜீப்காரர் சிரித்தார். ஆனால் மெதுவாகப் போனார்.

மருத்துவர் தினமும் வந்து குளுக்கோஸ் ஏற்றினார். நாளுக்கு நாள் இழுப்பு குறைந்தது. மழை தூறிய ஒரு மத்தியானம் தாடை தளர்ந்தது. நீர்க்க வைத்த ராகிக் கஞ்சியை ராணி தானாக உறிஞ்சியது. எஸ்தர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ராணி இன்று ஏரிக்கரையில் நடக்கிறது. மருந்து வேலை செய்தது என்கிறார் மருத்துவர். நானும் அதை மறுக்கவில்லை. மருந்து வேலை செய்யும்வரை அதன் மூச்சைக் காத்தவரையும் எனக்குத் தெரியும். இப்போது தினமும் குளம்புகளைப் பார்க்கிறேன். தடுப்பூசியைத் தவறவிடுவதில்லை. ஜெபிக்காமல் கொட்டகையைத் திறப்பதுமில்லை.

வழி அடைபட்டு நிற்கிற சகோதரனே, சகோதரியே, அவரிடம் கேளுங்கள். கேட்டபின் எழுந்து, உங்கள் கைக்கு எட்டிய வேலையைச் செய்யுங்கள். எட்டாததை அவர் பார்த்துக்கொள்வார்.