செல்லமுத்து ஆஜர்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். சாட்சி இல்லாமல் எதையும் ஏற்காதது தொழில் புத்தி. இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் சத்தமாகவே சிரித்திருப்பேன். ஆனால் நடந்தது நடந்ததுதான், அதுவும் பட்டப்பகலில், திண்டுக்கல் கோர்ட்டில், ஜட்ஜ் முன்னால்.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு அரசாங்கமே வக்கீல் நியமிக்கும் இல்லையா, அப்படி நியமிக்கப்படுகிறவர்களில் நான் ஒருவன். கீழ்க்கோர்ட்டில் தண்டனை வாங்கியவர்களின் அப்பீல்தான் என்னிடம் வரும். அப்பீலில் புதுச் சாட்சியெல்லாம் கொண்டுவந்து நிறுத்த முடியாது, கீழே பதிவானதை வைத்துத்தான் மல்லுக்கட்ட வேண்டும். இதைக் கட்சிக்காரர்களுக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறிவிடும். அப்படி ஏற்றியவர்களில் முதல் பரிசு செல்லமுத்துவுக்கு.

ஆத்தூர்ப் பக்கம் கிணற்று மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவர். ஒரு தோட்டத்தில் மோட்டார் வயரை அறுத்துத் திருடினார் என்று ஒரு வருஷம் தண்டனை. முந்தின நாள் அங்கே வேலை பார்த்திருக்கிறார், அவர் வீட்டில் செம்புக்கம்பி இருந்திருக்கிறது, ஆதாரம் அவ்வளவுதான். மோட்டார் மெக்கானிக் வீட்டில் செம்புக்கம்பி இல்லாமல் மல்லிகைப்பூவா இருக்கும்? ஜாமீனில்தான் இருந்தார், ஆனால் ஊரில் ஒருத்தரும் அவரை மோட்டாரைத் தொடவிடவில்லை. மனைவி பாண்டியம்மாளைப் பூப்பறிக்கக் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

வாய்தாவுக்கு வரச் சொன்னால் மனுஷன் வரமாட்டார். ஃபோன் போட்டால் சுவிட்ச் ஆஃப். தப்பித்தவறி வந்தால் ஒரே கேள்விதான், நான் திருடவில்லை என்று ஜட்ஜ் ஐயா வாயால் சொல்வாரா என்று. அப்படியெல்லாம் சொல்லமாட்டார்கள், சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை என்பார்கள், நமக்கு விடுதலைதானே வேண்டும் என்பேன். "இல்ல சார், எங்காதால கேக்கணும்" என்பார். நான் கத்துவேன், அவர் பொறுமையாகத் தலையாட்டுவார், அடுத்த முறையும் அதே கேள்வி. எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கும்.

தீர்ப்புக்கு முந்தின சாயங்காலம் பாண்டியம்மாள் ஃபோன் செய்தார். செல்லமுத்துவுக்குக் கிட்னி இரண்டும் பழுதாகி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். தீர்ப்பன்று கட்சிக்காரர் நேரில் நிற்காவிட்டால் வாரண்ட் போட்டுவிடுவார்கள், இதை எனக்கு நான்கு நாள் முன்னால் சொன்னால் என்ன? சரி, வரமுடியவில்லை என்று மனுப் போடுகிறேன் என்றேன். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் கேஸ் என்ன ஆகும் என்று கேட்டார். ஆள் போய்விட்டால் அப்பீலும் போய்விடும், கீழ்க்கோர்ட் தீர்ப்பு அப்படியே நிற்கும் என்றேன். குடும்பத்தார் மனுப் போட்டு அப்பீலைத் தொடர வழி உண்டுதான், ஆனால் அழுதுகொண்டிருக்கிறவரிடம் ஃபோனில் அதை எங்கிருந்து ஆரம்பிப்பது?

"அப்ப இவரு கடைசி வரைக்கும் திருடன்தானா சார்?"

சட்டப்படி அப்படித்தான்மா என்று வைத்துவிட்டேன். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு செல்லமுத்துவின் கட்டில் பக்கத்திலேயே நின்று பேசியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் காலை எங்கள் கேஸ் வந்தது. டவாலி வாசலில் நின்று செல்லமுத்து, செல்லமுத்து, செல்லமுத்து என்று கூப்பிட்டார். நான் மனுவை எடுத்துக்கொண்டு எழுந்து வாயைத் திறக்கிறேன், பின்னாலிருந்து "இருக்கேன்யா" என்று ஒரு குரல். திரும்பினால் செல்லமுத்து. முழுக்கைச் சட்டை, கும்பிட்ட கை, புறங்கையில் குளுக்கோஸ் ஊசி குத்திய இடத்தில் பஞ்சும் பிளாஸ்திரியும் அப்படியே. எனக்கு வந்ததே கோபம். ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவந்திருக்கிறார், நான் இங்கே கிறுக்கன் மாதிரி மனுவோடு நிற்கிறேன். ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்தார். "அவருக்கு உடம்பு முடியலை போல, பெஞ்சில உட்காரச் சொல்லுங்க" என்றார். செல்லமுத்து உட்கார்ந்தார். ஆஜர் என்று பதிவானது.

தீர்ப்பை வாசித்து முடித்து, ஜட்ஜ் வழக்கத்தில் இல்லாத ஒன்றைச் செய்தார். பெஞ்சைப் பார்த்து, "நீங்க திருடினதா சொல்றதுக்கு இந்தக் கேஸ்ல ஒண்ணுமே இல்லைங்க. நீங்க திருடலை. போயிட்டு வாங்க" என்றார். சந்தேகத்தின் பலன் என்ற பேச்சே இல்லை. இத்தனை வருஷத்தில் நான் அப்படிக் கேட்டதில்லை.

வெளியே வந்தால் ஆளைக் காணோம். வராந்தா, டீக்கடை, பஸ் நிறுத்தம் எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் குறைந்தா போய்விடும்? கடுப்போடு ஃபோனை எடுத்தேன், பாண்டியம்மாள் பல தடவை கூப்பிட்டிருந்தார். கோர்ட்டுக்குள் சத்தத்தை அணைத்து வைத்திருந்ததால் தெரியவில்லை. எங்கேம்மா உன் வீட்டுக்காரர் என்று எடுத்த எடுப்பில் கத்தினேன்.

"விடியக்காலமே போயிட்டாரு சார். இப்பத்தான் வண்டில ஏத்தி வீட்டுக்குக் கொண்டு போறோம்."

வேறு யாரோ வந்து நின்றிருப்பான் என்பீர்கள். அந்த முகத்தோடு எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? ஜட்ஜிடம் போய், ஐயா நீங்கள் யாரை உட்காரச் சொன்னீர்கள் என்று கேட்கிற தைரியம் எந்த வக்கீலுக்கு இருக்கிறது? முறைப்படி செல்லமுத்து இறந்ததை நான் கோர்ட்டுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவித்தால் அப்பீல் செல்லாது, மறுபடியும் திருடன். வாயை மூடிக்கொண்டேன். இன்றுவரை மூடித்தான் இருக்கிறேன், உங்களிடம்தான் சொல்கிறேன்.

காரியமெல்லாம் முடிந்து பாண்டியம்மாள் தீர்ப்பு நகல் வாங்க வந்தார். செல்லமுத்து கோர்ட்டுக்கு வந்ததைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. விடுதலை ஆகிவிட்டதும்மா, திருடவில்லை என்று ஜட்ஜே சொல்லிவிட்டார் என்று மட்டும் சொன்னேன். அந்தம்மா முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"தெரியும் சார், அவரு சொன்னாரு. நீங்க மேசைக்கடியில குனிஞ்சு கண்ணத் தொடச்சீங்களாம்ல. இம்புட்டுச் சத்தம் போட்டாலும் மனசுக்காரருன்னாரு."

ஜட்ஜ் அப்படிச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது உண்மை. பேனா விழுந்த மாதிரி குனிந்து துடைத்துக்கொண்டேன், வக்கீல் அழுதான் என்று நாளைக்கு நாலு பேர் கேலி செய்யக் கூடாதே. இதை நான் என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

எப்போதும்மா சொன்னார் என்று கேட்டேன். என்ன கேள்வி இது என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"வீட்டுக்கு வந்தப்பறந்தான் சார்."

நகலைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.