மழை பெய்தால் பூட்டாது

கள்ளக்குறிச்சியில், விவசாயிகளிடம் நேரடியாக விளைபொருள் வாங்கும் ஒரு நிறுவனத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. தலைமை அலுவலகம் ஊருக்குள் இருக்கிறது. திருக்கோவிலூர், நைனார்பாளையம், மலைமேல் கரியாலூர் என்று கிளைகள். யாருக்காவது பிரிண்ட் வரவில்லை, ஃபோல்டர் திறக்கவில்லை, நெட் இல்லை என்றால் என் போன்தான் அடிக்கும்.

சென்ற ஆண்டு தணிக்கைக்கு வந்தவர்கள், இங்கே யாரும் பாஸ்வேர்டை மாற்றுவதே இல்லை என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். உண்மைதான். சேர்ந்த அன்று வைத்த பாஸ்வேர்டோடு ஓய்வு பெற்றவர்கள்கூட உண்டு. அதனால் சர்வரில் குரூப் பாலிசியை மாற்றினேன். ஓர் இடத்தில் உட்கார்ந்து நான் விதி எழுதினால், எல்லாக் கிளைகளும் தாமாகவே அதை வாங்கிக்கொண்டு அதன்படி நடக்கும். அதுதான் குரூப் பாலிசி. உடனே எல்லோரும் புது பாஸ்வேர்டு வைக்க வேண்டும். ஐந்து முறை தப்பாக அடித்தால் லாகின் பூட்டிக்கொள்ளும். என்னிடம் சொன்னால்தான் திறக்கும். நான் எழுதியது அவ்வளவுதான்.

முதல் வாரம் போனைக் கீழே வைக்க முடியவில்லை. இரண்டாவது வாரம் பழகிவிட்டார்கள். ஒரே ஒருவருக்கு மட்டும் தினமும் பூட்டிக்கொண்டே இருந்தது. அவர் கொள்முதல் மேலாளர். ஐம்பதைத் தாண்டிய அம்மா. கிழங்கை ஒடித்துப் பார்த்தே அது எந்தப் பக்கத்து மண்ணில் விளைந்தது என்று சொல்லக்கூடியவர். அவரிடம் குறை சொல்ல யாருக்கும் துணிச்சல் வராது. எனக்கும் இல்லை.

பிழை அவர் விரல்களில் இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். கீபோர்டை மாற்றினேன். அவர் கணினியில் சேமித்திருந்த பழைய பாஸ்வேர்டுகளை எல்லாம் அழித்தேன். போனில் மெயிலை எடுத்துவிட்டுத் திரும்பவும் போட்டேன். மறுநாள் காலை ஒன்பதே காலுக்கு மறுபடி பூட்டிக்கொண்டது. பொறுமையாகத்தான் கேட்டார்.

"ஏம்பா, எனக்கு டைப் அடிக்கத் தெரியலன்னு நெனச்சிக்கினு இருக்கியா?"

இல்லை மேடம் என்றேன். ஆனால் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நினைப்பைக் கலைத்தது அவருடைய ஒரு நாள் விடுப்பு. உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர் வெளியூர் போயிருந்தார். கணினி அணைந்து கிடந்தது. போனும் என் மேஜையில்தான் இருந்தது. சோதித்துப் பார்க்கிறேன் என்று நானே வாங்கி வைத்திருந்தேன். அன்றும் ஒன்பது இருபதுக்குப் பூட்டிக்கொண்டது. அப்படியென்றால் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறு யாரோ கதவைத் தட்டுகிறார்கள். திருட்டு என்றுதான் பயந்தேன்.

சர்வரின் பதிவுகளைத் தோண்டினேன். தட்டுகிற கணினிக்குப் பெயர் என்று எதுவும் இல்லை. எழுத்தும் எண்ணுமாக ஒரு வரிசை, வாங்கிய அன்று பெட்டியிலிருந்து வந்தபடியே. அதன் ஐ.பி. முகவரி மலைப் பக்கத்துக் கணினிகளுக்கு ஒதுக்கிய எண் வரிசையில் இருந்தது. கரியாலூர் கிளைக்குப் போன் செய்து, அங்கிருந்த நான்கு கணினிகளின் பெயர்களையும் படிக்கச் சொன்னேன். எதுவும் அது இல்லை. என் பட்டியலிலும் இல்லை. எங்கள் வலைக்குள்தான் இருக்கிறது. எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

பூட்டிய நேரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மேலாளரிடம் போனேன். ஒரு நாள் ஒன்பது பத்து, ஒரு நாள் ஒன்பது இருபது, ஒரு நாள் பதினொன்று. ஒரு நாள் மட்டும் மூன்று தடவை. இரண்டு நாள் பூட்டவே இல்லை. திருடனாக இருந்தால் இப்படி நேரம் கெட்டு வருவானா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, பூட்டாத அந்த இரண்டு நாள்களின் மேல் விரலை வைத்தார்.

"இந்த ரெண்டு நாளும் மேல நல்ல மழைப்பா. சாமை அறுப்ப தள்ளி வச்சாங்க, எனக்கு ஞாபகம் இருக்குது." விரல் நகர்ந்தது. "பதினோரு மணின்னு இருக்கே, அன்னிக்கு மூடு பனி. இந்த மூணு தடவ பூட்டின நாளு, மேகம் வந்து வந்து போச்சு."

சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் அப்படி ஒரு மாற்றத்தை நான் பார்த்ததில்லை.

"அது இன்னுமா ஓடிக்கினு இருக்குது?" என்று கேட்டார். என்னிடம் கேட்கவில்லை.

எட்டு வருடத்துக்கு முன்னால், கரியாலூரைத் தாண்டி ஒரு சிற்றூரில் எங்களுக்கு ஒரு கொள்முதல் நிலையம் இருந்திருக்கிறது. அவர்தான் அதை நடத்தினார். கரண்ட் நிலையில்லாத இடம் என்பதால் கைக்கெட்டும் தாழ்வாரக் கூரைமேல் சோலார் தகடு வைத்து, ஒரு சிறிய கணினியும் பக்கத்தில் ஒரு மழைமானியும் பொருத்தினார்கள். மழைமானி தனக்குள் இருக்கும் பாட்டரி செல்லில் ஓடி, பெய்ததைத் தானே குறித்துக்கொள்ளும். கணினி அதை வாங்கி, மொபைல் சிம் வழியாகச் சர்வருக்கு அனுப்பும். அனுப்புவதற்கு ஒரு லாகின் வேண்டும் அல்லவா, அவசரத்துக்குத் தன்னுடையதையே கொடுத்து வைத்தார். இரண்டு வருடத்தில் நிலையம் கரியாலூருக்கு மாறியது. மேஜை, தராசு, சாக்கு எல்லாம் வந்தன. சுவரில் திருகியிருந்த அந்தக் கணினிப் பெட்டியைக் கழற்ற யாருக்கும் நினைவு வரவில்லை. சிம்முக்கான பில்லும் மற்றவற்றோடு சேர்ந்து போய்க்கொண்டே இருந்தது.

சர்வரில் ஒரு மூலையில் அந்த ஃபோல்டரைத் தேடி எடுத்தேன். திறந்து பார்த்தேன். எட்டு வருட மழை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி. யாரும் கேட்காத, யாரும் திறக்காத கோப்புகள். என் விதி அமலுக்கு வந்த நாளோடு அவை நின்றிருந்தன. அந்தக் கணினியின் பாட்டரி செத்துப்போய் எத்தனை வருடமோ, அது வெயில் தகட்டில் விழும்போதெல்லாம் கண் விழித்து, பழைய பாஸ்வேர்டைச் சொல்லிச் சொல்லித் தட்டிப் பார்த்துவிட்டு ஓய்ந்திருக்கிறது. அதைத்தான் நான் திருடன் என்று நினைத்தேன்.

மறுநாள் இருவரும் ஜீப்பில் கிளம்பினோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி வளைவுகளில் ஏறும்போது எனக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. தகட்டில் தூசி படியும். மழைமானியின் புனலில் இலை விழுந்து அடைக்கும். செல் தீரும். நிலையம் மாறிய பிறகு ஆறு வருடம் ஆள் இல்லாமல் எப்படி ஓடியது?

அந்த அறை இப்போது கடுக்காய் காயவைக்கும் கொட்டகையாக இருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து நாற்பது வயதுப் பெண் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். மேலாளரைக் கண்டதும் அடையாளம் தெரிந்து சிரித்தார். பெட்டியை எடுத்துப்போக வந்தீர்களா என்றுதான் முதலில் கேட்டார். இல்லை, பார்க்கத்தான் வந்தோம் என்றோம். அப்புறம்தான் எங்களை உள்ளே விட்டார்.

தகடு கண்ணாடி மாதிரி துடைத்துக் கிடந்தது. புனலில் ஓர் இலைகூட இல்லை. கணினிமேல் ஒரு பழைய துண்டு, மடித்துப் போர்த்தியிருந்தது. மழைமானியின் அடியில் இருந்த செல்கள் புதியவை, டார்ச் லைட்டுக்குப் போடுகிறவை.

யார் இதையெல்லாம் செய்தது என்று மேலாளர் கேட்டார்.

"நாந்தான் மேடம். நீங்கதான சொல்லிட்டுப் போனீங்க, எல விழுந்தா எடுத்துடு, சின்ன லைட்டு எரியலன்னா செல்ல மாத்துன்னு. அப்பால வேணாம்னு யாரும் சொல்லலையே."

மேலாளர் தகட்டின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே நின்றார். அவர் சொன்னது ஒரு நாள் பேச்சுக்கு. அந்தப் பெண் அதை ஆறு வருடமாகச் செய்திருக்கிறார்.

நான் வேலையைத் தொடங்கினேன். அந்தக் கணினிக்கென்றே தனியாக ஒரு லாகின் உருவாக்கினேன். மழை ஃபோல்டரில் எழுதுவதைத் தவிர வேறு எதற்கும் அதற்கு அனுமதி கிடையாது; பாஸ்வேர்டு மாற்றும் விதியிலிருந்தும் விலக்கு. பழைய பெயரை அழித்துப் புதியதைப் பதித்து, மீண்டும் ஓடவிட்டேன். முதல் முயற்சியிலேயே சர்வர் ஏற்றுக்கொண்டது. இத்தனை நாளும் அனுப்ப முடியாமல் அது தன்னிடமே வைத்திருந்த கோப்புகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. என் லேப்டாப் திரையில் அவை வந்து சேர்வதை மூவரும் நின்று பார்த்தோம். இந்த வேலையில் எத்தனையோ பச்சை டிக் பார்த்திருக்கிறேன். அன்றுதான் ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டு நின்றேன்.

அந்தப் பெண் என் தோளுக்குப் பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டார்.

"சார், பழசெல்லாம் இதுல இருக்குமா? என் சின்னப் பொண்ணு பொறந்த நாளு?"

தேதியைச் சொன்னார். ஆறு வருடம் ஆகிறது. அன்று ஓடையில் தண்ணீர் வந்து ஜீப் கடக்க முடியவில்லை, வீட்டிலேயே பிறந்தாள், காலையிலிருந்து சாயந்திரம் வரைக்கும் மழை ஒரு நிமிடம்கூட விடவில்லை என்றார். அந்தக் கோப்பைத் திறந்தேன். காலை ஏழரைக்குத் தொடங்கியிருந்தது. வரிக்கு வரி மழை. பகல் இரண்டு மணிக்குமேல் நான்கு வரிகளில் மட்டும் மழையளவு சுழி. பிறகு திரும்பவும் மழை. ஒரு இருபது நிமிடம் விட்டிருக்கிறதே என்று காட்டினேன்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மணிக்கு மேலதான் பொறந்துச்சு," என்றார். "மழ விட்டது எனக்குத் தெரியலயே சார்."

வீட்டுக்குள் ஓடிப்போய், அந்தச் சின்ன மகளைக் கைப்பிடித்து அழைத்துவந்து திரைமுன் நிறுத்தினார். அந்த நான்கு சுழிகளையும் விரல் வைத்துக் காட்டினார். சிறுமிக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் மூவரின் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். மேலாளர் கொட்டகைக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

அடுத்த மாதமே மேலாளர் மேலிடத்தில் பேசி, அந்தப் பெண்ணை நிறுவனத்தின் ஊழியராகச் சேர்த்தார். சோலாருக்குப் புது பாட்டரி வந்தது. கிழங்கு நடவுக்கு முன் அந்த எட்டு வருட மழையையும் கிளைகள் எடுத்துப் பார்க்கின்றன. மேலாளரின் லாகின் அதன் பிறகு ஒரு முறைகூடப் பூட்டவில்லை.

பட்டியலில் இல்லாத ஒரு கணினியைக் கண்டால் இப்போதெல்லாம் உடனே தடுத்துவிடுவதில்லை. யாரிடமாவது கேட்டுப் பார்க்கிறேன். மேலே பெரிய மழை பெய்த மறுநாள், மலையிலிருந்து எனக்கு ஒரு போன் வரும்.

"சார், நேத்து மழ வந்து சேந்துச்சா?"

ஃபோல்டரைத் திறந்து பார்த்துவிட்டு, வந்து சேர்ந்தது என்று சொல்வேன்.