லிஃப்டில் அடைபட்ட இரண்டு கட்சிகள்

சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் நான் ஆளும் கட்சிக்காரன். எதிர்வீட்டு அந்தோணி எதிர்க்கட்சிக்காரர். எழுபதுகளில் தேர்தல் முடிந்த மறுநாள் ஜெயித்த கட்சிக்காரர் கோப்பி வாங்கித் தருவார். தோற்றவர் சிரித்தபடி குடிப்பார். எண்பதுகளில் அந்த மரியாதை போய்விட்டது. படிக்கட்டு, நடைபாதை என்று பார்த்த இடத்திலெல்லாம் கத்தினோம்.

ஒரு நாள் இருவரும் ஒரே லிஃப்டில் ஏறினோம். அவர் ஒரு பக்கச் சுவரைப் பார்த்தார், நான் மறுபக்கச் சுவரை. பாதி வழியில் லிஃப்ட் நின்றுவிட்டது. அபாய மணியும் அடிக்கவில்லை. பயந்துபோய் இருவரும் கதவைத் தட்டிக் கத்தினோம்.

வெளியே பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவின் குரல் கேட்டது.

"லிஃப்டுலயும் ஆரம்பிச்சிட்டாங்க லா. இவங்களுக்கு வேற வேலை இல்ல."

அவருடைய செருப்புச் சத்தம் தூரத்தில் மறைந்தது.

கத்திக் கத்தி அந்தோணிக்குத் தொண்டை கட்டிவிட்டது. பிறகு நான் மட்டும் கத்தினேன். உடனே அக்கா ஓடி வந்தார்.

"ஒருத்தர் சத்தம்தான் கேக்குது. அந்தோணி அண்ணனை என்ன பண்ணீங்க?"

லிஃப்ட் நின்றுவிட்டதைச் சொன்னேன். அக்கா கூப்பிட்ட மெக்கானிக் வந்து எங்களை வெளியே எடுத்தார்.

இப்போது நாங்கள் கோப்பிக்கடையில் உட்கார்ந்து, மெதுவான குரலில்தான் அரசியல் பேசுகிறோம். கத்துவதை லிஃப்ட் நிற்கும் நாளுக்கென்று வைத்திருக்கிறோம்.