போனில் நிற்காத சொல்

பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். அப்படிப்பட்டவள் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

எங்கள் ஊர் மண்ணரையில் ஒரு அச்சாபீசில் பத்திரிகை மடிக்கிற வேலை எனக்கு. எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், ஆனால் ஒத்துப்பார்ப்பதில் என்னை மிஞ்ச அங்கே ஆளில்லை. இப்போதெல்லாம் கல்யாணப் பத்திரிகை காகிதத்திலும் வேண்டும், போனிலும் வேண்டும். ஒன்றில் திருத்தியதை இன்னொன்றில் மறந்துவிடுவார்கள், ஒரு மாமன் பேர் விட்டுப்போய் மண்டபத்தில் சண்டை வரும். படித்தவர்கள் வாசித்துக்கொண்டே தாண்டிவிடுவார்கள். நான் முன்னே பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள், தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி ஒவ்வொரு சுழியாகப் பார்ப்பேன். ஒரு பிழை தப்பியதில்லை.

என் மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. என் வீட்டுக்காரர் பதினோரு வருஷம் முன்னால் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனவர், திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. நான் தாலியையும் பொட்டையும் எடுக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா வந்தார்.

"அவரு பேருக்கு முன்னால தெய்வத்திரு போட்டுருங்க. அப்பன் எங்கேன்னு சபையில கேட்டா நாங்க என்னங்க சொல்றது?"

போட்டால் நான் மணவறைப் பக்கம் போக முடியாது, ஒரு சீர் செய்ய முடியாது. மகளுக்காகச் சரி என்றேன்.

காகிதம் அடித்து மூன்றாம் நாள், போனுக்கு அனுப்புவதை எடுத்து ஒத்துப்பார்த்தேன். காகிதத்தில் தெய்வத்திரு இருக்கிறது, போனில் இல்லை. கம்ப்யூட்டரில் உட்கார்கிற மகேஸ்வரி தேனிப் பக்கத்துப் பெண், என்மேல் இரக்கப்பட்டு எடுத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"ஏங்கண்ணு, என்னையக் கேக்காம எடுத்துட்டயா?"

"நான் தொடவே இல்லக்கா. ரெண்டும் ஒரே பைல்தான்."

மறுபடி போட்டாள். பக்கத்தில் நின்று பார்த்தேன், சரியாக இருந்தது. என் போனுக்கு வந்தபோது இல்லை. இன்னொரு தடவையும் போட்டாள். பட்டப்பகல், பக்கத்தில் மெஷின் ஓடுகிறது, நான் கண் சிமிட்டாமல் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், அந்தச் சொல் இல்லாமல் போயிற்று. அது இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. மகேஸ்வரியின் இரண்டு கையும் மடியில் இருந்தன.

"அக்கா, அண்ணன் உசுரோட இருக்காகளோ?" என்றாள், மெல்ல.

வருவார் வருவார் என்று பதினோரு வருஷம் காத்திருந்தவள், அந்த நிமிஷம், வந்துவிடுவாரோ என்று பயந்தேன். பொய் சொல்லவில்லை, வாசல் பக்கம் திரும்பவே முடியவில்லை.

காகிதத்திலாவது நிற்கிறதா என்று கட்டைப் பிரித்தேன். நின்றது. தடவிப்பார்த்தேன். மூன்று நாள் முன்னால் அடித்தது, மற்ற எழுத்தெல்லாம் காய்ந்திருந்தது. அந்த ஒரு சொல் மட்டும் கட்டைவிரலில் சிவப்பாக ஒட்டியது. அடுத்த பத்திரிகையிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

போனில் யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காகிதத்தை மட்டும் கொடுத்தோம். கல்யாணத்தன்று பொட்டில்லாமல் கடைசி வரிசையில் நின்றேன்.

மகளின் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. ஒரு பத்திரிகையைப் பீரோவில் துணிக்கடியில் வைத்திருக்கிறேன். போன வாரம் எடுத்து அந்தச் சொல்லைத் தொட்டேன். விரலைக் கழுவ நெடுநேரம் ஆயிற்று.